வாசலில் செருப்பே விட முடியவில்லையா? கடித்துக் குதறும் வயதில் இருக்கும் நாய்க்குட்டியைச் சமாளிப்பது எப்படி

எங்கள் வீட்டுப் பட்டாணிக்கு எட்டு மாதம் ஆனபோது அப்பாவிடம் ஒற்றைச் செருப்புகள் நான்கு மிச்சம் இருந்தன. நான்கும் வலது கால். இடது கால் செருப்பின் மேல் அவளுக்கு என்ன அப்படி ஒரு பிரியம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே ஒரு டிவி ரிமோட், இரண்டு சார்ஜர் ஒயர், பாட்டியின் கோரைப்பாயில் ஒரு முழ அகலம், இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. தலையணை கிழிந்த அன்று மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. இலவம்பஞ்சைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

பட்டாணி நாட்டு நாய், தெருவில் கிடைத்தவள். ஆனால் லேப்ரடாரோ, சிப்பிப்பாறையோ, பொமரேனியனோ, எதை வளர்த்தாலும் இந்தக் கட்டம் வந்தே தீரும். முதல் முறையாக நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஏமாறும் இடமும் இதுதான். நான்கு மாதத்தில் கடிக்கும்போது, பல் முளைக்கிறது, முளைத்தால் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். நாய்க்குப் பால்பல் 28. கிட்டத்தட்ட நான்காவது மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பல் 42ம் வந்துவிடும். நடுவில் கொஞ்ச நாள் வீடு அமைதியாக இருக்கும், அப்பாடா முடிந்தது என்று நினைத்துச் செருப்பை மறுபடி வாசலில் விடுவோம். ஏழாவது எட்டாவது மாதத்தில் இரண்டாவது சுற்று தொடங்கும். இந்தச் சுற்றில் பல் புதுசு, தாடை பெரிய நாயின் தாடை, புத்தி மட்டும் இன்னும் குட்டியின் புத்தி. சேதம் பல மடங்கு இருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

மனிதர்களில் பதின்வயது மாதிரி நாய்க்கும் ஒரு பருவம் உண்டு. தோராயமாக ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை, பெரிய இனங்களில் இரண்டு வயதுவரை இழுக்கும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் 'உட்கார்' என்றதும் உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதத்தில் அதே ஆள் சொன்னால் அடம்பிடித்தன; அறிமுகமில்லாத ஆள் சொன்னபோது அப்படி அடம்பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டு மாமி சொன்னால் கேட்பது போலத்தான். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடிப்பதை நிறுத்த முடியாது. மெல்லுவது நாயின் பிறவி வேலை, அதில் அதற்குச் சுகமும் அமைதியும் கிடைக்கிறது. எதைக் கடிக்கலாம், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்ய முடியும். கீழே சொல்வது எல்லாம் அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

முதல் படி: ஐந்து நாள் கணக்கு எழுதுங்கள்

எந்தப் பொருளும் வாங்குவதற்கு முன், எந்தப் பயிற்சியும் தொடங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சமையலறையில் தொங்கும் தினசரி நாள்காட்டியின் தாளிலேயே எழுதினால் போதும். எதைக் கடித்தது, மணி என்ன, அப்போது வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள், அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது தூங்கியது. இவ்வளவுதான்.

நாங்கள் எழுதிப் பார்த்ததில், பட்டாணியின் வேலை பெரும்பாலும் மாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள் நடந்திருந்தது. மதியம் முழுக்க வெயிலுக்கு டைல்ஸ் தரையில் படுத்துத் தூங்கிவிட்டு, எல்லோரும் காபி குடிக்க உட்காரும் நேரத்தில் அவள் எழுந்து திரிவாள். எங்களில் ஒருவர் கையில் டம்ளர், இன்னொருவர் கையில் போன். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் எதையாவது வாயில் கவ்விக்கொண்டு எங்கள் முன்னாலேயே ஒரு சுற்று சுற்றுவாள். நாங்கள் எழுந்து துரத்துவோம். அவளுக்கு அதுதான் அன்றைய விளையாட்டு, தினமும் அதை நாங்கள்தான் விளையாடிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் கணக்கில் வேறு மாதிரி வரலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் வெறி பிடித்த மாதிரி ஓடிக் கடிக்கிறது என்றால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. தூக்கக் கலக்கத்தில் குழந்தை அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் நடக்கிறது என்றால் அது வேறு கதை, பின்னால் சொல்கிறேன். மண், சுவர்ச் சுண்ணாம்பு, துணி என்று கடிப்பதோடு நிற்காமல் விழுங்கவும் செய்கிறது என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு, இரத்தசோகை, வயிற்றுக் கோளாறு என்று எதுவும் காரணமாக இருக்கலாம், அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது படி: தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்

நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. நாயின் முகம் இருக்கும் உயரத்துக்கு இறங்கி ஒவ்வோர் அறையாக நகருங்கள். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனாலும் பரவாயில்லை, முக்கால்வாசிப் பிரச்சினை இதிலேயே அடிபட்டுப் போகும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது கேஸ் டியூப். பல வீடுகளில் சிலிண்டர் மேடைக்குக் கீழே திறந்தபடி இருக்கும், ரப்பர் டியூப் சரியாக நாயின் வாய்க்கு நேராக வளைந்து தொங்கும். பல் தடம் ஒன்று இருந்தாலும் டியூபை மாற்றிவிடுங்கள், அந்த இடத்துக்கு ஒரு கதவோ தடுப்போ போடுங்கள், சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் கொண்டுவாருங்கள். அடுத்தது கரண்ட் ஒயர். இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி, டேபிள் ஃபேன் என்று தரையோடு போகும் ஒயர்களைப் பிவிசி பைப்புக்குள் விடுங்கள் அல்லது சாமானுக்குப் பின்னால் தள்ளுங்கள். போன் சார்ஜரை வேலை முடிந்ததும் பிளக்கிலிருந்து பிடுங்கி மேலே வைத்துவிடுங்கள். மின்சாரம் ஓடும் ஒயரைக் கடித்தால் வாய் வெந்துபோவதோடு முடியாது, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறவும் செய்யலாம். அதனால் நாய் பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

அப்புறம் விஷங்கள். எலி மருந்து எந்த வடிவில் இருந்தாலும் நாய் இருக்கும் வீட்டில் வேண்டாம். பிஸ்கட் மாதிரி, கேக் மாதிரி வருவதெல்லாம் நாய்க்கும் தின்பண்டம்தான். பீரோவில் போடும் அந்துருண்டை, கொசுவிரட்டித் திரவம், பாத்ரூம் ஆசிட், தாத்தா மேஜைமேல் வைக்கும் மாத்திரை அட்டை, எல்லாம் மேலே போகட்டும். மனிதர்கள் சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டுமே நாய்க்கு ஆபத்து. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். சாப்பாட்டில் சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் ஆகியவை கூடவே கூடாது. பாயசத்துக்கு வாங்கிய உலர்திராட்சைப் பொட்டலத்தை அடுப்படித் திட்டின் ஓரத்தில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

தோட்டம் இருந்தால் அரளி. செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டும் இலை, குச்சி, காய், விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம், நாய்க்குக் குச்சி கடிப்பது என்றால் உயிர். எங்கள் கொல்லையில் இருந்ததை வெட்டினோம். பூஜைக்குப் பூ போச்சே என்று அம்மாவுக்கு வருத்தம்தான், செம்பருத்தி வைத்துச் சரிக்கட்டியாயிற்று. ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணி, தொட்டியில் வைக்கும் சாகோ பாம் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். மணிபிளாண்ட் அவ்வளவு மோசமில்லை, வாய் எரிந்து எச்சில் ஒழுகும். ஆனாலும் எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

விஷம் இல்லாமலேயே உயிரை வாங்குபவை சில உண்டு: மாங்கொட்டை, மக்காச்சோளத் தண்டு, சாக்ஸ், நூல்கண்டு, தாவணி முந்தானை மாதிரி நீளத் துணி. இவை குடலில் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். மாம்பழ சீசனில் குப்பைக்கூடைக்கு மூடி கட்டாயம்.

செருப்புக்கு என்ன செய்வது? நம் வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. குடும்பத்தின் அத்தனை செருப்பும், வந்தவர்கள் செருப்பும், தோலும் வியர்வை வாசனையுமாக வாசலில் வரிசையாகக் கிடக்கும், அதாவது நாய்க்குப் பந்தி விரித்து வைத்திருக்கிறோம். கதவு உள்ள செருப்பு ஸ்டேண்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் திட்டில் வையுங்கள். விருந்தாளி வந்தால் வெட்கப்படாமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "செருப்பை மேல வெச்சிடுங்க." எதிர்வீட்டு அக்கா முதலில் சிரித்தார். இரண்டு நாளில் அவருடைய புதுச் செருப்பின் வார் போனதும் அவரே மேலே வைக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது படி: வீட்டைச் சின்னதாக்குங்கள்

எட்டு மாதக் குட்டிக்கு முழு வீட்டையும் திறந்துவிடுவது, கையில் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பள்ளிப்பிள்ளையைத் திருவிழாவில் விடுவது மாதிரி. நீங்கள் பார்க்க முடியாத நேரத்தில் அது இருக்க ஓர் இடம் வேண்டும். ஒரு தடுப்பு கேட் போட்ட வராந்தாவாக இருக்கலாம், அறையின் மூலையில் மடக்குக் கம்பித் தடுப்பாக இருக்கலாம், கூண்டாகவும் இருக்கலாம். காற்றோட்டமும் நிழலும் தண்ணீரும் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் ஊர் ஏப்ரல் மே வெயிலில் மொட்டை மாடிக் கூண்டு என்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

அந்த இடத்தைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். சாப்பாடு அங்கே, மெல்லும் பண்டம் அங்கே, மதியத் தூக்கம் அங்கே. முதலில் ஐந்து நிமிடம், கதவு திறந்தபடி. பிறகு மூடி, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து. பிறகு அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்து. ஒரு வாரமாவது ஆகும். அவசரப்பட்டு முதல் நாளே இரண்டு மணி நேரம் பூட்டினால் அது கூண்டையே கடிக்கும், கத்தும், அப்புறம் உள்ளே போகவே மறுக்கும்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவது வேண்டாம். கடிப்பது நிற்கும்தான், ஏனென்றால் எட்டாது. ஆனால் குரைப்பும் முரட்டுத்தனமும் ஏறும், அவிழ்த்துவிட்ட அன்று மொத்தமாகச் சேர்த்துக் கடிக்கும். அதற்குப் பதில் எனக்குக் கைகொடுத்தது இடுப்புக் கயிறு. நான் வீட்டுக்குள் வேலை செய்யும்போது இரண்டு மீட்டர் லீஷின் மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொள்வேன், பட்டாணி என்னோடேயே வருவாள், துணி மடித்தால் பக்கத்தில் படுப்பாள். கண்ணுக்கு மறைவாக எதுவும் நடக்க வாய்ப்பில்லை. அடுப்பருகே மட்டும் கழற்றிவிடுங்கள்.

நான்காவது படி: கடிக்க நல்ல பொருள் கொடுங்கள்

இதில்தான் ஆளாளுக்குத் தப்பு செய்கிறோம். முதல் தப்பு, பழசுதானே கடிச்சிட்டுப் போகட்டும் என்று பிய்ந்த செருப்பையே விளையாடக் கொடுப்பது. பழைய செருப்புக்கும் போன வாரம் வாங்கிய செருப்புக்கும் வித்தியாசம் நமக்குத்தான் தெரியும். பழைய சாக்ஸ், பழைய துண்டு, உடைந்த ரிமோட் எல்லாமே இந்தக் கணக்குதான். துணிதான் பிடிக்கிறது என்றால் வீட்டில் வேறெங்கும் இல்லாத மாதிரி முடிச்சுப் போட்ட கயிற்றுப் பொம்மையை வாங்குங்கள், நூல் பிரிய ஆரம்பித்ததும் தூக்கிப் போடுங்கள்.

இரண்டாவது தப்பு, கெட்டியாக இருந்தால் ரொம்ப நாள் வரும் என்று மாட்டுக் குளம்பு, கொம்பு, பெரிய எலும்பு என்று வாங்குவது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழவில்லையென்றால் அது பல் தாங்காத அளவு கெட்டி, மேல்தாடைக் கடைவாய்ப் பல் பலகை மாதிரி பிளந்துபோகலாம். வேகவைத்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்; அன்பாக மீன் முள்ளும் கறி எலும்பும் எடுத்து வைக்கும் பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது நாயைப் பழக்குவதைவிடக் கஷ்டம். தேங்காய் மட்டை பலர் கொடுக்கிறார்கள், நானும் கொடுத்தேன். நார் நாராகப் பிய்த்து விழுங்குவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டில் எடுபட்டவை இவை. உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று, கோங் என்ற பெயரில் விற்பது மாதிரி. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு செருப்பு விலையை நினைத்துக்கொண்டு வாங்கிவிட்டேன். அதில் உப்பில்லாத தயிர்சாதமோ, வேகவைத்துப் பிசைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, ராகிக் களியோ அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் சத்தமே வராது. மூன்று நான்கு செய்து முந்தின இரவே வைத்துவிடுவேன். பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி உறையவைத்தும் கொடுக்கலாம், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் துண்டைப் பிய்த்து விழுங்காத நாய்க்கு மட்டும். பெரிய கேரட் முழுசாக. டேப்பும் பின்னும் எடுத்த அட்டைப்பெட்டி: கிழித்துக் குப்பையாக்கட்டும், கூட்ட ஐந்து நிமிடம், இலவம்பஞ்சோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. காகிதத்தை விழுங்கும் நாயாக இருந்தால் மட்டும் வேண்டாம்.

எல்லாப் பொம்மையையும் ஒரே நேரத்தில் தரையில் போடாதீர்கள். மூன்று வெளியே, மிச்சம் பெட்டியில், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு வாரம் கண்ணில் படாத பொம்மை நாய்க்குப் புதுப் பொம்மைதான்.

கசப்பு ஸ்பிரே பற்றிக் கேட்பார்கள். செல்லப்பிராணிக் கடையில் விற்பதை மேஜைக் கால், சோஃபா விளிம்பு மாதிரி நகர்த்த முடியாத இடங்களில் அடித்துப் பார்க்கலாம், சில நாய்க்கு வேலை செய்யும், பட்டாணி நக்கிவிட்டுத் தொடர்ந்தாள். மிளகாய்த் தூள் மட்டும் வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் பட்டால் அது பாவம்.

ஐந்தாவது படி: வாயில் வைத்திருக்கும்போது பிடித்தால் பண்டமாற்று

"நாலு போடு போட்டா சரியாயிடும்டி. இப்படிக் கொஞ்சினா தலைமேல ஏறும்." இது அம்மா. அம்மாவைக் குறை சொல்ல முடியாது, போனது அவருடைய தலையணை. ஆனால் அடித்தால் என்ன நடக்கும் என்பதை நான் பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். நாய் கடிப்பதை நிறுத்தாது, ஆள் பார்க்கும்போது கடிப்பதைத்தான் நிறுத்தும். கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்துக் கடிக்கும், யாராவது கிட்டே வந்தால் உறுமும், அல்லது அவசரமாக விழுங்கிவிடும். கடைசியில் சொன்னதுதான் ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும்.

சம்பவம் முடிந்து பத்து நிமிடம் கழித்துச் செருப்பைக் காட்டித் திட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. "பாருங்க, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்பார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த நாய் ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் இதைச் சோதித்து எழுதினார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதோ இல்லையோ, தின்றுவிட்டது என்று வளர்ப்பவரிடம் சொல்லித் திட்டவைத்தபோது, ஒரு தப்பும் செய்யாத நாய்களும் அதே குற்றவாளி முகத்தைக் காட்டின. ஆக அந்த முகம் நம் கோபத்தைப் பார்த்து வருவது. செருப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

செய்ய வேண்டியது இது. கத்தாதீர்கள், ஓடாதீர்கள். துரத்தினால் விளையாட்டு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வேகவைத்த சிக்கன் துண்டோ, முட்டையோ, பனீரோ, எதற்காக உங்கள் நாய் உயிரையே விடுமோ அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோங்கள். வாய் திறந்து பொருள் விழும் அந்தக் கணத்தில் "விடு" என்று சொல்லுங்கள். தின்பண்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அது தின்னப் போகும்போது பொருளை எடுங்கள், உடனே கடிக்கக்கூடிய பொம்மையைக் கொடுங்கள். இதைச் சம்பவம் நடக்கும்போது மட்டும் செய்தால் நாயே கணக்குப் போட்டு, சிக்கன் வேண்டும்போதெல்லாம் ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு வரும், பட்டாணி வந்திருக்கிறாள். அதனால் பொம்மையை வைத்தும் தினமும் ஐந்தாறு முறை விளையாட்டாகப் பழக்குங்கள்: பொம்மையைக் கொடு, "விடு", பண்டம், பொம்மையைத் திரும்பக் கொடு. திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால் நாய் கொடுக்கத் தயங்காது. இரண்டு மூன்று வாரத்தில் பண்டம் இல்லாமலேயே சொல்லுக்கு வாய் திறக்கும், அப்புறமும் அவ்வப்போது பண்டம் கொடுங்கள்.

வாயைப் பிளந்து பிடுங்குவது உயிருக்கு ஆபத்தான பொருள் என்றால் மட்டும். பிடுங்கும்போது கையில் பல் பட்டு இரத்தம் வந்தால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதத்தில் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியை இன்னும் போடவில்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதற்குக் கிளம்புங்கள்.

ஆறாவது படி: அந்த மோசமான நேரத்துக்கு முந்திக்கொள்ளுங்கள்

கணக்கு எழுதியது இதற்குத்தான். பட்டாணிக்கு 4 மணிக்குப் பூதம் பிடிக்கிறது என்று தெரிந்ததும் மூன்றே முக்காலுக்கே உறைந்த ரப்பர் பொம்மையைக் கொடுக்க ஆரம்பித்தோம். வெயில் தணிந்ததும் நடை. தார் ரோட்டில் புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது, இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

நடை என்றால் இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்வருவது இல்லை. மோந்து பார்க்க விடுங்கள். ஒரே தெருவில் இருபது நிமிடம் மோந்துகொண்டே போன நாய், அரை மணி நேரம் பந்து துரத்திய நாயைவிட நிம்மதியாகப் படுக்கிறது என்பது நான் பார்த்தது. பந்து விளையாட்டு நாயைக் களைப்பாக்குவதைவிடக் கிளப்பிவிடுகிறது என்று எனக்கு ஓர் எண்ணம்.

மழை நாளில் வீட்டுக்குள்ளேயே மூக்குக்கு வேலை கொடுக்கலாம். ஒருவேளை உணவைத் தட்டில் போடாமல் வராந்தா முழுக்கத் தூவிவிடுங்கள். பழைய துண்டில் உணவைப் பரப்பிச் சுருட்டிக் கொடுங்கள். இட்லித் தட்டின் குழிகளில் நாலு நாலு உருண்டை போட்டு, மேலே வாய்க்குள் போகாத அளவு பந்துகளை மூடி வையுங்கள், ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடும். அந்த இட்லித் தட்டை நாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் சண்டை வரும்.

தூக்கத்தை மறக்காதீர்கள். பாதி நாளுக்கு மேல் தூங்க வேண்டிய வயது இது. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது தூங்க விடாமல் எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதன் இடத்துக்குள் போனால் யாரும் தொடக் கூடாது என்று ஒரு சட்டம் போடுங்கள்.

தனியாக விட்டால் மட்டும் கடித்தால்

பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துவிட்டு வெளியே போங்கள். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து சோம்பல் முறித்துச் சோஃபாவைக் கடித்தால் அது சலிப்பு; மேலே சொன்னதே போதும். கதவு சாத்தியதுமே முனகி, எச்சில் ஒழுக்கி, குறுக்கும் நெடுக்கும் நடந்து, வாசல் நிலையையும் ஜன்னலையும் பிராண்டி, தண்ணீர்கூடத் தொடாமல் இருந்தால் அது பிரிவுப் பயம். அதற்குக் கூண்டில் அடைப்பது தீர்வே இல்லை, பல்லும் நகமும் உடையும் அளவுக்கு முயலும். சில வினாடி, அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று பயம் வருவதற்கு முன்பே திரும்பி வந்து வந்து பழக்க வேண்டும், அந்த நாட்களில் தனியாக விடாமல் யாரையாவது துணைக்கு வைக்க வேண்டும். கடுமையாக இருந்தால் மருந்தும் தேவைப்படலாம், மருத்துவரிடம் வீடியோவைக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் பேசும்.

விழுங்கிவிட்டால்

இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றே விசாரித்து எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். என்ன விழுங்கியது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, உறையோ மிச்சமோ இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நம் பக்கம் பல வீடுகளில் முதல் வைத்தியமே அதுதான், ஆனால் அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடியது, பேட்டரி, ஆசிட் மாதிரி பொருள் என்றால் திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, மலம் வராமல் இருப்பது, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது, முதுகை வளைத்துச் சோர்ந்து நிற்பது, இவை அடைப்பின் அறிகுறிகள். காலையில் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடைசிப் படி: சுதந்திரத்தைத் தவணையில் கொடுங்கள்

இரண்டு வாரம் எதுவும் போகவில்லை என்றதும் மொத்த வீட்டையும் திறந்துவிடத் தோன்றும். நானும் திறந்தேன், சார்ஜர் போனது. ஓர் அறையைக் கூட்டுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும். பத்து நாள் தாண்டினால் நீங்கள் குளிக்கப் போகும் நேரம். பிறகு கடைக்குப் போய்வரும் நேரம். நடுவில் ஏதாவது கடிபட்டால் திட்டுவதில் பயனில்லை, ஒரு படி கீழே இறங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறினால், விருந்தாளிகள் வந்து தங்கினால், தீபாவளி வெடிச் சத்தத்தில், பெண் நாய் பருவத்துக்கு வரும்போது, கொஞ்ச நாளைக்குப் பழைய குருடி கதவைத் திறடி என்றாகும். கருத்தடை செய்தால் கடிப்பது நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதைச் செய்ய வேறு நல்ல காரணங்கள் உண்டு.

செருப்பைத் திரும்ப வாசலுக்குக் கொண்டுவருவதும் இதே மாதிரிதான். முதலில் பாத்ரூம் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்போது. மோந்துவிட்டு நகர்ந்தால் பண்டம். ஒரு வாரம் கழித்து அடுத்த ஜோடி. தோல் செருப்பு எல்லாவற்றுக்கும் கடைசி.

பட்டாணிக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. வாசலில் ஐந்து ஜோடி கிடக்கிறது, இடது கால் உட்பட. கோரைப்பாயை மட்டும் இன்னும் சுருட்டிப் பரண்மேல்தான் வைக்கிறோம். அந்த வாசனை வந்தால் அவளால் முடியவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம்.